தடுத்தவருக்கே பதில் உரிமை

சென்ற இதழில் ஒரு பதிலுக்குள் 'ரிபோஸ்ட்' என்ற வாள்வீச்சுச் சொல் வந்து போனது. அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த வாரம் இடம் முழுவதும் அவற்றுக்கே.

கே: ஆங்கிலப் பத்திரிகைகளில் 'ரிபோஸ்ட்' என்று அடிக்கடி பார்க்கிறேன். அது கோபமான பதிலா, கிண்டலான பதிலா? (கல்லூரி மாணவி, விருதுநகர்)

ப: சட்டென்று வரும் கூர்மையான பதில். அதில் கோபம் இருக்கலாம், கிண்டல் இருக்கலாம், இரண்டுமே கட்டாயமில்லை. வேகமும் கூர்மையும்தான் கட்டாயம். சொல் வளர்ந்த இடம் வாள்வீச்சுக் களம். எதிராளி குத்த வருகிறார். அவர் வாளை உங்கள் வாளால் தட்டி விலக்குகிறீர்கள். விலக்கிய கையோடு திருப்பிக் குத்துகிறீர்கள். விலக்கியதற்குப் பிரெஞ்சில் 'பராட்' என்று பெயர். திருப்பிக் குத்தியதுதான் ரிபோஸ்ட்.

கே: உச்சரிப்பு? (பெயர் எழுதாதவர்)

ப: பிரெஞ்சுக்காரர் வாயில் 'ரிபோஸ்த்'. ஆங்கிலம் வழியாக வந்தால் 'ரிபோஸ்ட்'. எப்படிச் சொன்னாலும் இழுத்துச் சொல்லாதீர்கள், அது அந்தச் சொல்லுக்கே ஆகாது.

கே: இது அசல் பிரெஞ்சுச் சொல்தானே ஐயா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி)

ப: புகுந்த வீடு பிரான்ஸ். பிறந்த வீடு இத்தாலி. இத்தாலிய மொழியில் 'ரிஸ்போஸ்தா' என்றால் பதில். கடிதத்துக்கு எழுதும் பதில், ஆசிரியர் கேட்டதற்குப் பையன் சொல்லும் விடை, கூப்பிட்ட குரலுக்கு மறுகுரல், எல்லாமே ரிஸ்போஸ்தாதான். அதன் வேர் லத்தீனில் 'ரெஸ்போந்தேரே'. இதில் 'ஸ்போந்தேரே' என்றால் வாக்குக் கொடுப்பது; முன்னால் நிற்கும் 'ரெ' திரும்பக் கொடுப்பதைக் குறிக்கும். ஆக, பதில் என்பது ஆதியில் வாக்குக்கு ஈடாகக் கொடுக்கும் வாக்கு. ஆங்கிலத்தின் 'ரெஸ்பான்ஸ்', 'ஸ்பான்சர்', வாழ்க்கைத்துணையைக் குறிக்கும் 'ஸ்பவுஸ்' எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

கே: இதே பதிலை நீங்கள் மேடையில் சொல்லக் கேட்டேன். என் கணவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. அந்த வேர்ச்சொல்லைக் காட்டி வாதாடலாமா? (இல்லத்தரசி, நாமக்கல்)

ப: தாராளமாக. 'ஸ்பவுஸ்' என்றால் வாக்குக் கொடுத்தவர். பதிலும் அதே வேரில் கிளைத்தது. கொடுத்த வாக்கில் பதிலும் அடக்கம் என்று கேளுங்கள், வழக்கு உங்கள் பக்கம்தான்.

கே: 'ரிஸ்போஸ்தா'வில் இருந்த முதல் 'ஸ்' எங்கே போயிற்று?

ப: பிரெஞ்சுக்கு வந்த புதிதில் இருந்தது. 'ரிஸ்போஸ்த்' என்றே பழைய பிரெஞ்சு எழுதியது. ஒரே சொல்லில் ஒரே ஒலி இரண்டு முறை வந்தால் நாக்கு ஒன்றை உதறிவிடும். எல்லா மொழிகளிலும் நடப்பதுதான்.

கே: இத்தாலியச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் எதற்குக் கடன் வாங்கினார்கள்? அவர்களிடம் வாளே இல்லையா?

ப: வாள் நிறைய இருந்தது. வாத்தியார்கள்தான் இத்தாலியில் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் வாள்வித்தையை எண்ணிப் பார்த்து, அளந்து, புத்தகமாக்கியவர்கள் இத்தாலியர். அக்கில்லே மரோத்ஸோவின் நூல் 1536இல் வந்தது. கமில்லோ அக்ரிப்பாவின் நூல் 1553இல். அக்ரிப்பா கட்டடக்கலைஞர், கணிதம் தெரிந்தவர். வாள் பிடித்த மனிதனை வட்டத்துக்குள்ளும் கோணத்துக்குள்ளும் வைத்து வரைந்தார். பிரான்ஸில் ஒன்பதாம் சார்ல்ஸ் மன்னன் 1567இல் வாள் ஆசான்களின் சங்கத்துக்கு அங்கீகாரம் கொடுத்தான். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய முதல் வாள்வித்தை நூல், ஆன்ரி த சேன்-திதியே எழுதியது, 1573இல்தான் வந்தது. அதையும் அந்த மன்னனுக்கே காணிக்கையாக்கினார். வித்தை எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையிலிருந்தே சொல்லும் வந்தது.

கே: அப்படியானால் உலகம் முழுவதும் இத்தாலியச் சொற்கள் அல்லவா வழங்க வேண்டும்? (வழக்கறிஞர், மதுரை)

ப: நியாயமான குறுக்கு விசாரணை. வாளின் எடைதான் இதற்குச் சாட்சி. இத்தாலியர் பிடித்தது நீண்ட, கனமான 'ரேப்பியர்'. அதைத் தடுப்பதற்கு ஒருமுறை, குத்துவதற்கு ஒருமுறை என்று இரண்டு தடவை ஆட்டக் கை இடம் தராது. அதனால் தடுப்பையும் குத்தையும் ஒரே அசைவில் முடிப்பதையே அவர்கள் பெரிய வித்தையாக மதித்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸில் குட்டையான, இலேசான வாள் வந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் போதும், வாள் பேச்சைக் கேட்கும். 'முதலில் தடு, பிறகு கொடு' என்று இரண்டாகப் பிரிக்க அப்போதுதான் வசதி பிறந்தது. பிரெஞ்சு ஆசான்கள் அந்த இரண்டையும் தனித்தனியே வளர்த்தார்கள், பெயர் வைத்தார்கள், ஐரோப்பா முழுவதும் கற்றுக்கொடுத்தார்கள். ரிபோஸ்ட் ஒரு தனிக் கலையானது அவர்கள் கையில். சொல்லைப் பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர்.

சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு 1913இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. இன்றும் அதன் விதிப்புத்தகத்தில் சந்தேகம் வந்தால் பிரெஞ்சு மூலம்தான் செல்லும்.

கே: தொலைக்காட்சியில் நடுவர் என்னவோ கத்துகிறார். என்ன அது?

ப: 'ஆன் கார்த்!' என்றால் காப்பு நிலைக்கு வா. 'ப்ரே?' என்றால் தயாரா. 'ஆலே!' என்றால் தொடங்கு. 'ஆல்த்!' என்றால் நில். டோக்கியோவானாலும் கெய்ரோவானாலும் இதே சொற்கள்தான்.

கே: தடுக்கிற வேலையெல்லாம் எதற்கு? முந்திக்கொண்டு குத்தினால் புள்ளி கிடைக்காதா? (சிலம்ப மாணவர், தூத்துக்குடி)

ப: வந்த கடிதங்களில் என் மனசுக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாள்வீச்சில் ஆயுதம் மூன்று வகை: ஃபாயில், எப்பே, சேபர். ஃபாயிலில் உடற்பகுதியை மட்டும் தொடலாம். சேபரில் இடுப்புக்கு மேலே தலை, கை உட்பட எங்கும் தொடலாம். எப்பேயில் உச்சி முதல் பாதம் வரை. இதில் ஃபாயிலுக்கும் சேபருக்கும் 'முன்னுரிமை' என்ற விதி உண்டு. ஒருவர் கையை நீட்டித் தாக்கத் தொடங்கிவிட்டால் அந்த முறை அவருடையது. அதற்கு நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. அவர் வாளை உங்கள் வாளால் தடுக்கலாம், அல்லது விலகிப்போய் அவர் குத்தைக் காற்றில் விடலாம். இரண்டில் ஒன்றும் செய்யாமல் நீங்களும் பதிலுக்குக் குத்தினால் வாள் தொட்டதைக் காட்டும் மின் விளக்கு இருவருக்கும் எரியும். புள்ளி மட்டும் அவருக்குப் போகும்.

தடுத்துவிட்டீர்களா, அந்தக் கணத்திலேயே உரிமை கைமாறிவிடும். தடுபட்ட வாளையே அவர் மறுபடி நீட்டி உங்களைத் தொட்டாலும் செல்லாது. உங்கள் ரிபோஸ்ட்டுக்குத்தான் புள்ளி. ஆனால் தடுத்துவிட்டு ஒரு கணம் தயங்கி நின்றால், வந்த உரிமை போய்விடும். அவருடைய இரண்டாவது குத்துக்கு உயிர் வந்துவிடும்.

விதி ஏன் இப்படி? கூர்வாள் காலத்தின் புத்தி அது. நெஞ்சுக்கு நேரே ஒரு முனை வரும்போது அதைக் கவனிக்காமல் தானும் குத்துகிறவன் வீரன் இல்லை. இரண்டு பிணம் விழ வழி செய்கிறவன். வருவதை முதலில் கவனி, விலக்கு, பிறகு உன் முறை என்று ஆசான்கள் சொல்லிக்கொடுத்தார்கள். வாள் முனை மழுங்கி விளையாட்டான பின்னும் அந்தப் பாடத்தை விதிக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்காகவே இந்த விளையாட்டின் மீது எனக்குத் தீராத மதிப்பு. நம் தொலைக்காட்சி விவாதங்களில் தினமும் இரண்டு விளக்கும் ஒன்றாக எரிகின்றன. முதலாமவர் சொன்னதை இரண்டாமவர் தொடுவதே இல்லை. தன் குத்தை மட்டும் குத்திவிட்டுப் போகிறார். ஃபாயில் நடுவர் ஒருவரை அங்கே உட்கார வைத்தால் பாதிப் பேருக்குப் புள்ளியே கிடைக்காது.

கே: எப்பேயில் இந்த விதி இல்லையா?

ப: இல்லை. யார் முதலில் தொட்டாலும் புள்ளி. விநாடியை 25 கூறாக்கி, அதில் ஒரு கூறுக்குள் இருவரும் தொட்டால் இருவருக்குமே புள்ளி. ஆனாலும் எப்பே வீரர்கள் ரிபோஸ்ட்டைக் கைவிடவில்லை. விதி கேட்கிறதோ இல்லையோ, எதிரி வாளை வழியிலிருந்து அகற்றிவிட்டுக் குத்தினால்தான் தான் குத்துப்படாமல் தப்பிக்கலாம்.

கே: ரிபோஸ்ட்டையும் எதிராளி தடுத்துவிட்டால்?

ப: தடுத்துவிட்டு அவர் திருப்பிக் குத்துவது 'கோன்த்ர்-ரிபோஸ்ட்'. அதையும் நீங்கள் தடுத்துத் திருப்பினால் இரண்டாவது கோன்த்ர்-ரிபோஸ்ட். இப்படித் தொடங்கியதிலிருந்து முடியும் வரை போகும் ஒரு கோவைக்குப் பிரெஞ்சு ஆசான்கள் வைத்த பெயர் 'ஃப்ராஸ் தார்ம்'. ஆயுதங்களின் வாக்கியம் என்று பொருள். வாக்கியம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நல்ல ஆட்டம். நீண்ட கோவை ஒன்று ஓடும்போது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கே: முகத்தில் குத்திவிட்டால் ஆபத்தில்லையா? அந்தக் காலத்தில் முகக்கவசம் இருந்ததா? (செவிலியர், திருநெல்வேலி)

ப: வெகுகாலம் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கம்பிவலைக் கவசம் புழக்கத்துக்கு வந்தது. லா போயெசியேர் என்ற பிரெஞ்சு ஆசான் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அதற்கு முன்னால் பயிற்சிக்கூடத்தில் ஒரு மரியாதை இருந்தது. பாய்ந்து வந்தவரின் குத்தைத் தடுத்துவிட்டால், அவர் நிமிர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும் வரை பொறுத்திருந்து, பிறகே ரிபோஸ்ட் கொடுக்க வேண்டும். குனிந்து பாய்ந்தவரின் முகம் வாள் முனைக்கு நேரே இருக்குமே, கண் போய்விடுமே என்ற கவலை. கவசம் வந்த பிறகு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை. இன்று நாம் பார்க்கும் மின்னல் ரிபோஸ்ட் பிறந்தது. முகத்தை மூடியதால் கை விடுதலை பெற்றது.

கே: உடனே பதில் சொல்லத்தான் ஆசை. ஆனால் எனக்கு நல்ல பதில் மறுநாள் பல் துலக்கும்போதுதான் தோன்றுகிறது! (வங்கி ஊழியர், ஈரோடு)

ப: உங்களுக்குப் பெரிய துணை இருக்கிறது, பிரெஞ்சு அறிஞர் தெனி திதெரோ. நெக்கேர் என்ற பெரிய மனிதர் வீட்டு விருந்தில் ஒருவர் சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்ல முடியாமல் திகைத்துப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். தன்னைப் போன்ற உணர்ச்சிக்காரனுக்குப் படியிறங்கிக் கீழே வந்த பிறகுதான் புத்தி திரும்பும் என்பது அவர் கணக்கு. 'மாடிப்படி புத்தி' என்ற பிரெஞ்சு வழக்கு அதிலிருந்து வந்தது. அவ்வளவு பெரிய கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த மூளைக்கே மாடிப்படி தேவைப்பட்டிருக்கிறது.

வாள்வீச்சிலும் தாமத ரிபோஸ்ட் ஒன்று உண்டு. தடுத்த பிறகு வேண்டுமென்றே ஒரு கணம் விட்டு, எதிராளி அவசரப்பட்டு அசைந்ததும் திறந்த இடத்தில் குத்துவது. உரிமை போய்விடும் ஆபத்து இருப்பதால் கைதேர்ந்தவர்கள் மட்டும் செய்வார்கள்.

கே: உடனடி ரிபோஸ்ட்டுக்குத் தனிப் பெயர் உண்டா?

ப: உண்டு, காதுக்கு இனிய பெயர்: 'தாக் ஓ தாக்'. வாளோடு வாள் மோதும் ஓசைதான் 'தாக்'. அவர் தாக், நான் தாக். இன்று பிரான்ஸில் வாளைத் தொட்டே அறியாதவர்களும், ஒருவர் பேச்சுக்குப் பேச்சு சளைக்காமல் பதில் கொடுத்தால் 'தாக் ஓ தாக்' என்றுதான் சொல்கிறார்கள்.

கே: தமிழில் 'பதிலடி' இருக்கும்போது ரிபோஸ்ட் எதற்கு? (தமிழாசிரியர், காரைக்குடி)

ப: 'பதிலடி' அருமையான சொல். பதிலும் இருக்கிறது, அடியும் இருக்கிறது. இத்தாலிக்காரர் சொல்லில் அடிகூட இல்லை. ஆனால் நம் பதிலடிக்குக் கால வரம்பு இல்லை. இந்தத் தேர்தலில் வாங்கியதை அடுத்த தேர்தலில் திருப்பிக் கொடுத்தாலும் அது பதிலடியே. தடுத்தலும் அதில் இல்லை. நன்றாக வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம். ரிபோஸ்ட்டுக்குத் தடுப்பு வேண்டும், தாமதம் கூடாது. களத்தைப் பற்றி எழுதும்போது ரிபோஸ்ட் என்றே எழுதுங்கள், பேச்சு வழக்கில் பதிலடி போதும். 'பதில்' என்பதும் 'பதல்' என்ற அரபுச் சொல் வழியாக நம்மிடம் வந்ததுதான். மாற்று, ஈடு என்று அங்கே பொருள். நமது பழைய சொல் 'விடை'. மூன்றையும் வைத்துக்கொள்வோம், வீட்டில் இடம் இருக்கிறது.

கே: 'தூஷே' என்று சொல்கிறார்களே, அது குத்தியவர் போடும் வெற்றிக் கூச்சலா?

ப: நேர்மாறு. குத்துப்பட்டவர் சொல்வது. 'தொடப்பட்டேன்' என்ற ஒப்புதல். மின் விளக்கு வருவதற்கு முன்னால், வாள் பட்டதா இல்லையா என்பது பட்டவருக்குத்தான் உறுதியாகத் தெரியும். அவர் தானாகச் சொல்வதே மரியாதை. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' கடைசிக் காட்சியைப் பாருங்கள். முதல் குத்தை லேயர்ட்டீஸ் மறுக்கிறான். நடுவர் சொல்லித்தான் தீர்கிறது. இரண்டாவது குத்தைத் தானே ஒப்புக்கொள்கிறான். கையில் விஷம் தோய்த்த வாளோடு நிற்கிறவன் அப்படி ஒரு நேர்மையும் காட்டுவதை நாடகாசிரியர் அந்த இடத்தில் வைத்திருப்பது எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்குகிறது.

எப்பேயில் மின் விளக்கு ஒலிம்பிக்குக்கு வந்தது 1936இல். ஃபாயிலுக்கு 1956இல், சேபருக்கு 1992இல். விளக்கு வந்த பிறகு வாக்குமூலம் தேவைப்படவில்லை.

கே: பேச்சும் வாளும் ஒன்றாக வந்த கதை ஏதாவது? (நாடகக் கலைஞர், புதுச்சேரி)

ப: எத்மோன் ரோஸ்தானின் 'சிரானோ த பெர்ஜராக்'. 1897 டிசம்பரில் பாரிஸில் அரங்கேறிய நாடகம். பெரிய மூக்குக்காரன் சிரானோவை ஒரு பிரபு கேலி செய்கிறான், அதுவும் சப்பென்று. சிரானோவுக்கு வந்த கோபம் கேலி செய்ததற்காக மட்டும் இல்லை, கேலி இவ்வளவு மோசமாக இருக்கிறதே என்பதற்காகவும். தன் மூக்கை எப்படியெல்லாம் கிண்டல் செய்யலாம் என்று அவனே வகைவகையாகப் பாடம் நடத்துகிறான். பிறகு வாளை உருவி, சண்டை போட்டுக்கொண்டே ஒரு முழுப் பாட்டைக் கட்டி, பாட்டின் முடிவில் உன்னைத் தொடுவேன் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்ன இடத்தில் தொடுகிறான். கேலிக்குப் பதில் வாயாலும் வந்தது, கையாலும் வந்தது.

கே: நிஜத்தில் பேச்சுக்காக வாள் எடுத்தவர்கள்?

ப: பிரான்ஸில் கடைசியாக நடந்தது வெகு சமீபத்தில். 1967 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் ரெனே ரிபியேர் என்ற உறுப்பினரைப் பார்த்து, மார்செய் நகர மேயரும் உறுப்பினருமான காஸ்தோன் தெஃபேர் 'வாயை மூடு, முட்டாளே' என்ற பொருளில் கத்திவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார் ரிபியேர். தெஃபேர் மறுத்தார். மறுநாள் பாரிஸை ஒட்டிய நுய்யியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருவரும் எப்பே வாளோடு நின்றார்கள். ரிபியேர் கையில் இரண்டு முறை காயம் பட்டது. அத்தோடு நிறுத்தினார்கள். ஒருவரும் சாகவில்லை, மன்னிப்பும் வரவில்லை. படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். பார்த்தால் ஒன்று தெரியும்: சபையில் பேச்சால் கொடுத்திருக்க வேண்டிய ரிபோஸ்ட்டை அங்கேயே கொடுத்திருந்தால் வாளுக்கு வேலையே இருந்திருக்காது.

கே: பிரெஞ்சு அரசு அலுவலகங்களில் இந்தச் சொல் வருமா?

ப: வரும். இணையத்தில் திருட்டுத்தனமாகப் படமும் பாட்டும் இறக்குபவர்களைத் தடுக்க 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை, பிறகு தண்டனை. அந்த ஏற்பாட்டை மக்கள் 'படிப்படியான ரிபோஸ்ட்' என்றே அழைத்தார்கள். படிப்படியாக வந்தால் அது எப்படி ரிபோஸ்ட் என்று வாள் ஆசான்கள் கேட்டிருக்க வேண்டும்.

கே: இசையிலும் 'ரிஸ்போஸ்தா' உண்டாமே? (வயலின் ஆசிரியை, சென்னை)

ப: உண்டு. மேற்கத்திய இசையில் ஒரு குரல் முதலில் எடுக்கும் வரி 'ப்ரோபோஸ்தா'. சற்றுப் பின்னால் இன்னொரு குரல் அதையே பிடித்துத் தொடர்வது 'ரிஸ்போஸ்தா'. அங்கே பதில் சொல்கிறவர் முதல் குரலைக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் சுருதி சேராது.

கே: நம் பவானி தேவி ஆடுவது எந்த வகை? அதில் ரிபோஸ்ட் உண்டா? (பள்ளி மாணவி, செங்கல்பட்டு)

ப: சேபர். அதில் முனையால் குத்தலாம், விளிம்பால் வெட்டவும் செய்யலாம். மூன்று வகையில் இதுதான் அதிவேகம். தடுத்துத் திருப்புவதற்குக் கிடைக்கும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு. அதனால் சேபர் வீரர்கள் தாக்கியே ஜெயிக்கப் பார்ப்பார்கள். அங்கே ஒரு சுத்தமான ரிபோஸ்ட் விழுந்தால் அது கொண்டாட வேண்டிய காட்சி.

சென்னைப் பள்ளியில் தொடங்கியபோது வாள் வாங்க வசதியில்லாமல் மூங்கில் குச்சியில் பழகியவர் பவானி தேவி. பிறகு தலச்சேரியிலும் இத்தாலியிலும் பயிற்சி பெற்றார். ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 2021இல் டோக்கியோவில் துனிசியாவின் நாதியா பென் அசிசியை 15-3 என்று வென்றார். அடுத்து பிரான்ஸின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். ப்ரூனே அந்தப் போட்டியில் வெண்கலம் வென்றவர். 2023இல் சீனாவின் வூஷி நகரில் நடந்த ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப்பில் ஜப்பானின் மிசாகி எமுராவை வீழ்த்தினார் பவானி. எமுரா அப்போது உலகச் சாம்பியன். அங்கே பவானி வாங்கிய வெண்கலம், அந்தச் சாம்பியன்ஷிப்பில் இந்தியா கண்ட முதல் பதக்கம். நீங்கள் மாணவி என்பதால் சொல்கிறேன்: அவர் ஆட்டங்களின் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். கால் எப்படி நகர்கிறது என்பதில் கண்ணை வையுங்கள்.

கே: ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்க மறுத்தால் தண்டனையா?

ப: 2023 ஜூலை வரை கடும் தண்டனை. அந்த மாதம் மிலானில் நடந்த உலகப் போட்டியில் உக்ரைனின் ஓல்ஹா ஹார்லான் ரஷ்ய வீராங்கனையை 15-7 என்று வென்றார். தன் நாட்டின் மீது போர் நடந்துகொண்டிருந்த நேரம். கையை நீட்டாமல் வாளை நீட்டினார், வாளோடு வாள் தொட்டு முடித்துக்கொள்வோம் என்று. எதிராளி கைகுலுக்கல் வேண்டுமென்று களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஹார்லானுக்குக் கறுப்பு அட்டை, வெளியேற்றம். உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. கூட்டமைப்பு அவரை அணிப் போட்டியில் ஆட அனுமதித்தது, கைகுலுக்கல் கட்டாயத்தையும் தளர்த்தியது. பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு இடம் உறுதி என்று ஒலிம்பிக் கமிட்டித் தலைவரே அறிவித்தார்.

2024இல் பாரிஸில் வெண்கலத்துக்கான ஆட்டம். தென்கொரியாவின் சோய் செ-பின்னிடம் 5-11 என்று பின்தங்கியிருந்தார் ஹார்லான். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாகக் கட்டி 15-14 என்று முடித்தார். பிறகு அணியோடு தங்கமும் வென்றார். அந்த 5-11ஐயும் 15-14ஐயும் அருகருகே எழுதிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கே: அடுத்த ஒலிம்பிக்கில் நான் ரிபோஸ்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? (பாட்டி, 71, கும்பகோணம்)

ப: முதலில் ஃபாயில் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள் அம்மா, சேபர் கண்ணுக்குச் சிக்காது. களம் 14 மீட்டர் நீளம். இருவரும் நடுவில் நிற்பார்கள், முன்னும் பின்னும் போய் வருவார்கள், பாவலா காட்டுவார்கள். அதையெல்லாம் விட்டுவிடுங்கள். ஒருவர் முன்காலை நீட்டிப் பாயும்போது மற்றவர் கையைக் கவனியுங்கள். 'டக்' என்று ஓசை கேட்டு, அந்தக் கை உடனே முன்னால் போனால் அதுதான். சிவப்போ பச்சையோ எரிந்தால் செல்லுகிற தொடுதல். வெள்ளை எரிந்தால் வாள் பட்டது, ஆனால் பட வேண்டிய இடத்தில் படவில்லை.

தவறவிட்டாலும் கவலையில்லை. ஆட்டத்தை நிறுத்தியதும் நடுவர் நடந்ததை அப்படியே கைச்சைகையால் திருப்பிச் சொல்வார்: இவர் தாக்கினார், அவர் தடுத்தார், ரிபோஸ்ட், தொட்டது. கடைசியாக எந்தப் பக்கக் கையை உயர்த்துகிறாரோ அந்தப் பக்கம் புள்ளி ஏறும்.